மலாக்காச் சந்தையில் நடமாடிய புலி

மலாக்கா ஆற்றின் குறுக்கே ஒரு மரப்பாலம். பாலத்தின் மேலேயே இருபதுக்கும் மேற்பட்ட கடைக் கூடங்கள். ஊரின் வியாபாரமெல்லாம் அங்கேதான். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை நேரில் கண்டு எழுதியவர் மா ஹுவான். 1413இல் சீனத் தளபதி செங் ஹோவின் கப்பற்படையோடு மொழிபெயர்ப்பாளராகக் கிளம்பிய சீன முஸ்லிம். ஈயம் எப்படி எடுக்கிறார்கள், சவ்வரிசி மரத்திலிருந்து மாவு எப்படி எடுக்கிறார்கள் என்று நிதானமாகக் குறித்துக்கொண்டே வருபவர், அதே நிதானத்தோடு இன்னொரு செய்தியையும் எழுதிவிட்டு நகர்கிறார். இந்த ஊரில் புலிகள் மனித உருவெடுத்துச் சந்தைக்குள் வருகின்றன. கூட்டத்தோடு கூட்டமாக நடக்கின்றன. அடையாளம் கண்டுகொண்டவர்கள் அவற்றைப் பிடித்துக் கொன்றுவிடுகிறார்கள்.

ஈயத்துக்கும் சவ்வரிசிக்கும் நடுவே ஒரு புலிமனிதன். மலாக்காவைப் பற்றி இன்று கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சாட்சியங்களில் ஒன்று அது. கட்டுக்கதை சொல்லும் தோரணை அதில் எங்கும் இல்லை.

மலாய்க்காரர்கள் இதை ஹரிமாவ் ஜாடியான் என்பார்கள். கூடுவிட்டுக் கூடுபாயும் சித்தர் கதைகள் நமக்குப் பழக்கம். அதில் உடம்பு ஒரு மூலையில் கிடக்கும், உயிர் மட்டும் இடம் மாறும். இதில் உடம்பே மாறுகிறது. பகலில் ஆள், இரவில் வேட்டை விலங்கு. கற்பனை விலங்குதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்கென்று ஓர் ஊர், ஒரு மலை, அடையாளக் குறிகள், உணவுப் பழக்கம் எல்லாமே வகுத்து வைக்கப்பட்டிருந்தன. ஏறக்குறைய 500 ஆண்டுகள் சீனர், போர்த்துகீசியர், ஆங்கிலேயர் என்று வந்தவர்களெல்லாம் அதைப் பற்றி எழுதினார்கள். அவற்றை வரிசையாக வைத்துப் படித்தால் புலியைவிட, அதை அடையாளம் காட்டிய மனிதர்களைப் பற்றித்தான் அதிகம் தெரியவருகிறது.

மா ஹுவானைக் கதைவிடுபவர் என்று தள்ளிவிட முடியாது. மலாக்கா மலைகளில் கறுப்புப் புலி ஒன்று உண்டு, சீனாவின் மஞ்சள் புலியைவிடச் சற்றுச் சிறியது, கறுப்பு மயிரின் மேலேயே இன்னும் கருமையான குறிகள் தெரியும் என்றும் அவர் எழுதுகிறார். அவர் சொல்லும் கறுப்புப் புலி சிறுத்தையாகத்தான் இருக்கவேண்டும்: தீபகற்ப மலேசியாவின் சிறுத்தைகள் ஏறத்தாழ எல்லாமே கறுப்பு நிறம்தான். உலகில் வேறெங்கும் ஒரு முழு வட்டாரத்துச் சிறுத்தைகள் இப்படிக் கறுத்துப் போனதாகத் தெரியவில்லை. பக்கவாட்டில் வெயில் படும்போது அந்தக் கறுப்புத் தோலுக்கடியில் புள்ளிகள் தெரியும். காட்டில் வைக்கும் தானியங்கிக் கேமராக்களை அகச்சிவப்பு ஒளியில் படமெடுக்கச் செய்து, அந்தப் புள்ளிகளைக் கொண்டே ஒவ்வொரு சிறுத்தையையும் தனித்தனியாக எண்ணும் வழியை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது 2015 வாக்கில்தான். 600 ஆண்டுகளுக்கு முன் மொழிபெயர்க்க வந்தவர் அதைக் கவனித்திருக்கிறார். கண்ணால் கண்டதைச் சரியாக எழுதியவர், காதால் கேட்டதையும் கேட்டபடியே எழுதினார் என்று கொள்வதில் தவறில்லை.

அடுத்த பெரிய சாட்சி 200 ஆண்டுகள் கழித்து வருகிறது. மானுவேல் கொதின்ஹோ டி எரேடியா மலாக்காவிலேயே 1563இல் பிறந்தவர். தகப்பன் போர்த்துகீசியர், தாய் பூகிஸ் அரச குலத்தவர். வரைபடக்காரர். 1613இல் அவர் எழுதிய மலாக்கா வரலாற்றில் புலிமனிதனுக்கு ஒரு முகவரி கிடைத்துவிடுகிறது: குனோங் லெடாங். மலாக்காவின் இன்றைய பாயா ரும்புட் என்ற ஊரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், மலாக்கா, ஜொகூர் எல்லையருகே நிற்கும் 1,276 மீட்டர் மலை. அந்த மலைக்கொரு இளவரசி உண்டு என்பது மலாய் மரபு. பெண் கேட்டு ஆள் அனுப்பிய சுல்தானிடம் பொன்னால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம், ஏழு தாம்பாளம் கொசு இதயம் என்று சீர் கேட்டு, கடைசியில் அவன் மகனின் இரத்தத்தையும் ஒரு கிண்ணம் கேட்டவள் அவள். எரேடியாவின் கதையில் அவளுடைய இருப்பிடத்தைச் சுற்றிப் புலிகள் காவல் நிற்கின்றன. மலையடிவாரத்துக் காடுகளில் வாழ்ந்த பானுவா மக்கள் மந்திரத்தால் புலியாகி ஊருக்குள் வந்து பெண்களையும் பிள்ளைகளையும் கொல்கிறார்கள்.

இதற்கு மலாக்காவின் முதல் பிஷப் டோம் ஜோர்ஜே டி சாண்டா லூசியா கண்ட பரிகாரத்தையும் அவர் சொல்கிறார். 1560ஆம் ஆண்டைக் குறிப்பிட்டு, பெரிய கோயிலில் பூசை முடிந்ததும் பிஷப் அந்தப் புலிகளைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்தார் என்று எழுதுகிறார்! அதற்குப் பிறகு எந்தப் புலியும் ஊருக்குள் வந்து ஆளைக் கொல்லவில்லையாம். சபைக்குள் இருந்தவரைத்தானே வெளியே தள்ள முடியும் என்ற கேள்வி அன்று யாருக்கும் எழவில்லை போலும். பிஷப்பின் தடை எவ்வளவு காலம் செல்லுபடியானதோ, 19ஆம் நூற்றாண்டில் புலிகள் மறுபடியும் வந்துவிட்டன.

அவற்றின் ஊரைப் பற்றிய வருணனை நம்மூர்ப் பாட்டி கதைகளுக்குச் சளைத்ததல்ல. சுமத்ராவில் புலிகள் அரசவை வைத்து ஆட்சி நடத்தும் ஊர்கள் உண்டு, அங்கே வீடுகளுக்குப் பெண்களின் கூந்தலால் கூரை வேய்ந்திருக்கும் என்று வில்லியம் மார்ஸ்டன் 1783இல் வெளிவந்த தம் சுமத்ரா வரலாற்று நூலில் எழுதினார். 1900இல் வால்டர் ஸ்கீட் வெளியிட்ட மலாய் மந்திர மரபுகள் பற்றிய நூலில் அதே ஊர் இன்னும் விரிவாக வருகிறது. மனித எலும்பு உத்தரம், மனிதத் தோல் சுவர், தலைமயிர்க் கூரை. அப்படிப்பட்ட புலியூர்களில் ஒன்று குனோங் லெடாங்கில் இருப்பதாக அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். புலிக்கு வரி வந்த கதையையும் அவர் பதிவு செய்திருக்கிறார். காட்டில் கண்டெடுக்கப்பட்ட ஒரு பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். அவனுடைய முரட்டுத்தனம் பொறுக்காமல் வாத்தியார் பிரம்பால் விளாச, பையன் நாலு காலில் பாய்ந்து காட்டுக்குள் ஓடிவிடுகிறான். முதுகில் விழுந்த பிரம்புத் தழும்புகள்தான் அந்த வரிகள். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய எந்தப் பிள்ளையும் இதில் வாத்தியார் கட்சிக்குப் போகாது.

பையன், பள்ளி, ஊர், அரசவை. மனிதருக்குப் புலி வடிவம் கொடுத்த அதே கற்பனை, புலிக்கு மனிதக் குடும்பமும் கொடுத்திருக்கிறது.

சரி, எதிரே வரும் ஆள் புலியா மனிதனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே நமக்கெல்லாம் ஒரு சிறு பள்ளம் இருக்கிறதே, அது புலிமனிதனுக்கு இருக்காது. கோழி தின்ற மறுநாள் இறகாக வாந்தி எடுப்பான். வியாபார மூட்டையையும் துணியையும் புதரோரம் வைத்துவிட்டு உள்ளே போவான். சற்று நேரத்தில் அந்தப் புதரிலிருந்து புலி வெளியே வரும். இந்தக் குறிகளை ஆங்கிலேய அதிகாரிகளிடம் சொன்ன மலாய்க் கிராமத்தார் யாரை மனத்தில் வைத்துச் சொன்னார்கள் என்பதில் ஒளிவுமறைவே இல்லை. கெரிஞ்சிக்காரர்கள். சுமத்ரா மலைநாட்டிலிருந்து தலைச்சுமையாகச் சரக்கு கொண்டுவந்து ஊர் ஊராக விற்றவர்கள்.

ஆங்கிலேய அதிகாரி ஹியூ கிளிஃபோர்ட் 1897இல் வெளியிட்ட நூலில் உள்ள ஹாஜி அலியின் கதை இந்த நம்பிக்கை எப்படி வேலை செய்தது என்பதை அருகிலிருந்து காட்டுகிறது. பேராக் மாநிலத்தின் ஸ்லிம் பள்ளத்தாக்கு. ஹாஜி அலி இரண்டு மகன்களோடு வந்து குடியேறுகிறார்; சுமத்ராக்காரர், வசதியானவர், தொழுகை தவறாதவர். உள்ளூர்ப் பெண் பாத்திமாவை மணக்கிறார். சில நாளிலேயே அவள் வெலவெலத்துப்போய்த் தாய்வீட்டுக்கு ஓடிவருகிறாள். விடியுமுன் வாசலில் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தாளாம். ஏணிப்படியில் ஏறிவந்தது புலித்தலை. அவள் கண்ணெதிரே அது கொஞ்சங் கொஞ்சமாகக் கணவனின் முகமாக மாறியதாம். பிறகு ஊரில் ஓர் எருமையைப் புலி அடிக்கிறது. பொறித்துப்பாக்கி கட்டுகிறார்கள். இரவில் வெடிக்கிறது. இரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் அது ஹாஜி அலி வீட்டு வாசலில் போய் நிற்கிறது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பார்க்க முடியாது என்கிறார்கள் மகன்கள். சில நாளில் குடும்பமே காணாமல் போகிறது. பின்னொரு காலத்தில் வேறோர் இடத்தில் ஹாஜி அலியைக் கண்டவர்கள், அவர் காலை நொண்டி நடந்ததாகச் சொன்னார்கள்.

கதையை இப்போது ஹாஜி அலியின் பக்கமிருந்து படித்துப் பார்க்கலாம். வெளியூர்க்காரர், பணம் வைத்திருக்கிறார், பெண்ணெடுத்தார், அந்தத் திருமணம் உடைந்தது. ஊரில் மாடு சாகிறது. துப்பாக்கியோடு ஒரு கும்பல் வாசலில் வந்து நிற்கிறது. இரவோடு இரவாக மூட்டை கட்டாமல் வேறென்ன செய்வார்? கிளிஃபோர்ட் இதை அமானுஷ்யக் கதையாகத்தான் எழுதினார். ஆனால் ஒரு குடும்பத்தை ஊர் துரத்தியடித்த விவரம் முழுக்க அதில் கிடக்கிறது.

எல்லாப் பதிவுகளிலும் இதே அமைப்பைக் காணலாம். சீனருக்கு மலாக்காக்காரர்களுக்குள் புலி இருந்தது. மலாக்காவில் பிறந்த எரேடியாவுக்கு அது காட்டுக்குடிகளான பானுவாக்களிடம் இருந்தது. மலாய்க்காரர்களுக்குக் கெரிஞ்சி வியாபாரிகளிடம். 'எங்களில் ஒருவர் புலியாக மாறுவார்' என்று சொன்னவர் அரிது. நோயாளியைக் குணப்படுத்தப் புலி ஆவியைத் தன் மேல் இறக்கி, உறுமி, நோயாளியை நக்கிய பவாங் (மலாய் மந்திரவாதி) ஒருவரின் சடங்கைச் சிலாங்கூரில் ஸ்கீட் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். சொந்த ஊர்ப் புலி வைத்தியம் பார்க்கிறது. அசலூர்ப் புலிதான் ஆளைத் தின்கிறது.

உலகம் முழுக்க இந்தக் கணக்குத்தான். கொலோன் அருகே பெட்பர்க் ஊரில் பீட்டர் ஸ்டும்ப் என்ற குடியானவனைச் சித்திரவதை செய்து, ஓநாயாக மாறிக் கொன்றதாக ஒப்புக்கொள்ள வைத்து, 1589இல் கொன்றார்கள். மத்திய இந்தியாவில் பணியாற்றிய வில்லியம் ஸ்லீமன் 1844இல் எழுதிய நூலில், ஒரு வேரைத் தின்றால் புலியாகலாம், இன்னொரு வேரைத் தின்றால் திரும்ப ஆளாகலாம் என்ற நம்பிக்கையைப் பதிவு செய்கிறார். மாற்று வேரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய மனைவி பயந்து ஓடிவிட, கணவன் புலியாகவே நின்றுவிடுகிறான். அங்கேயும் அடையாளக் குறி உண்டு: ஆள் மாறிய புலிக்கு வால் கிடையாது.

இத்தனைக்கும் நிஜப் புலி எங்கே இருந்தது? கதைக்குத் தீனி போடும் அளவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 1854இல் மலாக்காவில் தங்கி லெடாங் மலையேறினார். யானைச் சாணமும் காண்டாமிருகத் தடமும் கிடந்தன. இரவெல்லாம் தீ மூட்டிக்கொண்டு கிடந்தார்கள். சிங்கப்பூரில் புலிகள் சராசரியாக நாளுக்கொரு சீனரைக் கொல்வதாகவும், அதிலும் காசுக்கட்டித் தோட்டங்களில் வேலை செய்பவர்களே பெரும்பாலும் பலியாவதாகவும் எழுதியவர் அவர். எண்ணிக்கை கூட்டிச் சொல்லப்பட்டதாக இருக்கலாம். தோட்டம் என்ற இடம் மட்டும் சரி.

பீட்டர் பூம்கார்ட் மலாய் உலகத்துப் புலிகளைப் பற்றி 2001இல் வெளியிட்ட விரிவான வரலாற்று நூலில் இதை அலசியிருக்கிறார். அடர்ந்த மழைக்காட்டில் மானும் பன்றியும் குறைவு. புலிக்கு அங்கே பிழைப்பு சிரமம். காட்டை வெட்டி, பயிரிட்டு, மண் சத்துப் போனதும் விட்டுவிட்டுப் போகும் இடத்தில் லாலாங் புல்லும் புதரும் மண்டும். மான் வரும், காட்டுப்பன்றி வரும், பின்னாலேயே புலி வரும். 19ஆம் நூற்றாண்டு மலாக்காவில் மரவள்ளித் தோட்டக்காரர்கள் செய்தது இதைத்தான். புலி காட்டின் உள்ளே இருந்து வந்தது என்று எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் அதற்கு வாசல் வைத்துக் கொடுத்தது தோட்டம்.

அப்புறம் ரப்பர் வந்தது. டான் சாய் யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் நட்டதுதான் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம். இரண்டாண்டில் அவர் பெரிய அளவில் விரிவாக்கிய இடம் புக்கிட் அசஹான். லெடாங் மலையின் மலாக்கா பக்கத்து அடிவாரம். தலைமயிர்க் கூரை வேய்ந்த புலியூர் இருப்பதாகச் சொல்லப்பட்ட அதே மலை. ஸ்கீட்டின் நூல் அச்சேறிய காலத்தில் அந்த மலையடியில் கித்தா மரங்கள் வளர்ந்துகொண்டிருந்தன. பின்னாலேயே ஜாசின், அலோர் காஜா, மலாக்கா நகரைச் சுற்றிய பகுதிகள் என்று தோட்டங்கள் பெருக, கங்காணிகளோடு தமிழர்கள் வந்து லயங்களில் குடியேறினார்கள்.

பால்வெட்டும் வேலையின் நேரமே புலிக்கு ஏற்ற நேரம். வெயில் ஏறினால் பால் சுருங்கிவிடும். ஆகவே இருட்டோடு பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), இருட்டோடு நிரைக்குப் போகவேண்டும். நெற்றியில் கட்டிய விளக்கு வெட்டுக்கோட்டை மட்டும் காட்டும். குனிந்து கத்தியை இழுத்து, பால் மங்கில் சொட்டுகிறதா என்று பார்க்கும் அந்தச் சில நொடிகளில் முதுகு முழுக்க இருட்டுக்குத் திறந்து கிடக்கிறது. புலி முதுகுப்பக்கமிருந்தே பாயும் விலங்கு. கடைசி நிரை காட்டோரமாக அமைந்தவருக்குப் பயத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை.

ஆனாலும் தோட்டத்துத் தமிழர் புலியாக மாறும் பக்கத்துவீட்டுக்காரரைத் தேடிப் புறப்படவில்லை. அவர்கள் செய்தது வேறு. எல்லையில் முனியாண்டிக்கு ஒரு கல் நட்டார்கள், சுருட்டும் சாராயமும் படைத்தார்கள். ஆபத்து எல்லைக்கு வெளியே. அதை மறிக்க ஒரு காவல். இதற்குக் காரணம் தமிழர் மனத்தின் தனி மேன்மை என்றெல்லாம் சொல்லத் தேவையில்லை. மலாயாவில் அவர்களே வந்தேறிகள். கெரிஞ்சிக்காரர் நின்ற இடத்தில் நின்றவர்கள். தவிர, அவர்கள் கையில் கொண்டுவந்த கதைச் சரக்கும் வேறு.

தமிழின் பழைய கற்பனை வேட்டை விலங்கு ஆளி. சங்க நூல்களில் அது காட்டில் யானையை அடித்துக் கொம்பைப் பிடுங்கும். யாளி என்ற பெயரில் நாயக்கர் காலத்து மண்டபத் தூண்களில் பாய்ந்து நிற்கும். அது முழு விலங்கு, மனிதருக்குள் ஒளிந்துகொள்வதில்லை. மனிதரும் புலியும் ஒரே உடம்பில் கலந்த நம் கதையோ சிதம்பரத்து வியாக்கிரபாதருடையது. வண்டு மொய்க்குமுன் பூப்பறிக்க வேண்டும், வழுக்கும் மரத்தில் ஏறவேண்டும் என்று சிவனிடம் புலிக்கால் கேட்டு வாங்கியவர். அந்த ஊருக்குப் பெரும்பற்றப்புலியூர் என்ற பெயரும் உண்டு. கொல்வதற்கு வேண்டிய நகங்கள் கிடைத்தும் பூப்பறித்துக்கொண்டிருந்த புலிமனிதன் உலகில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

தமிழும் மலாயும் ஒன்றாகப் புழங்கிய மலாக்காவிலிருந்து இன்னொரு குரலும் உண்டு. மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா 1796இல் அங்கே கம்போங் பாலியில் பிறந்தவர். ஏமன் நாட்டிலிருந்து கிளம்பிய கொள்ளுப்பாட்டனார் நாகூரில் மணமுடித்ததில் வந்த வம்சம். வசதியான மலாக்காக் குடும்பத்துப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் கற்பது வழக்கம் என்பதால் தாமும் தமிழ் படித்ததாகத் தன்வரலாற்றில் எழுதுகிறார். ஊரார் நம்பிய பேய்பிசாசுகளைப் பற்றிப் பாதிரியார் வில்லியம் மில்ன் கேட்டபோது பட்டியல் போட்டுச் சொல்லி, குடல் தொங்கப் பறக்கும் பெனாங்காலானுக்கும், ஏவல் பேயான போலோங்குக்கும் படமே வரைந்து கொடுத்தார். நம்பியவரின் வேலையல்ல அது; இதைப் போய் நம்புகிறார்களே என்று நொந்துகொண்டவரின் வேலை.

நிஜப் புலிக்கு நேர்ந்தது சுருக்கமாகச் சொல்லக்கூடிய கதை. 1950களில் தீபகற்பத்தில் 3,000 புலிகள் இருந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். 1976இல் முழுப் பாதுகாப்பு கிடைத்தது. மலாயாப் புலி தனி உள்ளினம் என்று 2004இல் அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பு, காட்டில் எஞ்சியவை 150க்கும் குறைவு என்றது. பெலும் தெமெங்கோர், தாமான் நெகாரா, எண்டாவ் ரோம்பின் ஆகிய மூன்று பெருங்காடுகளே அவற்றின் முக்கியப் புகலிடம். மலாக்கா அந்தப் பட்டியலில் இல்லை. கண்ணிக் கம்பி, குறைந்துபோன மான், துண்டுபட்ட காடு என்று காரணங்களும் தெரிந்தவையே. பாயா ரும்புட்டில் தாமான் வீடுகளும் கடைவீடுகளும் நெருக்கமாக நிற்கின்றன. அங்கே புலி என்றால் தேசியக் கால்பந்து அணி, நாணயத்தாளை எண்ணித் தரும் ஒரு வங்கியின் சின்னம், அரசாங்கக் கடிதத்தின் தலைப்பிலுள்ள இலச்சினை.

புலிமனிதனோ இன்னும் நல்ல வரும்படியில் இருக்கிறான். யாங்ஸி சூ 2019இல் எழுதிய ஆங்கில நாவல் 1930களின் பேராக்கில் அவனை மறுபடியும் உலவவிட்டது. விற்பனையில் சக்கைப்போடு போட்டது. அதைவிடக் கவனிக்க வேண்டியது அமாண்டா நெல் இயு இயக்கி 2023இல் வெளிவந்த மலாய்ப் படம். அதில் மாறுகிறவள் கெரிஞ்சி வியாபாரியல்ல, காட்டுக்குடியுமல்ல. 12 வயதுப் பள்ளிக்கூடத்துப் பெண். வகுப்பில் முதலில் பூப்பெய்தியவள் என்பதால் தோழிகள் அவளை ஒதுக்குகிறார்கள். உடம்பில் வரிகளும் நகங்களும் வளர்கின்றன. 600 ஆண்டுகளில் ஏறக்குறைய முதன்முறையாகக் கதை சொல்பவர் துரத்துகிற கூட்டத்தோடு நிற்காமல் துரத்தப்படும் உடம்புக்குள் போய் நின்றுகொண்டார். ஸ்கீட் கேட்ட கதையில் பிரம்படி வாங்கிய பையனுக்கு இவள் தங்கை முறை.

கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் அந்தப் படம் தலைப்பரிசு பெற்றது. மலேசியத் திரையரங்குகளுக்கு வந்தபோது தணிக்கையில் பல பகுதிகள் வெட்டப்பட்டிருந்தன. அங்கே ஓடுவது தம்முடைய படமல்ல என்று இயக்குநர் வெளிப்படையாகவே அறிவித்தார்.